சுங்கை பட்டாணி கூர்க்கா கேம்பும் தோட்டத்துப் பிள்ளைகளும்

கேள்வி இது: "என் தாத்தா சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் கூர்க்கா கேம்புக்குள் போய்த் திருவிழா பார்த்தேன், நேபாளிகள் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டார்கள் என்று சொல்கிறார். மலேசியாவின் கெடா மாநிலத்தில் நேபாளப் பட்டாளத்துக்கு என்ன வேலை? தோட்டத்துப் பிள்ளைகளை ராணுவ முகாமுக்குள் விட்டிருப்பார்களா?"

உங்கள் தாத்தா சொல்வது உண்மைதான் தம்பி. விட்டார்கள். தினமும் இல்லை, கேட்டவர்களை எல்லாம் இல்லை. கேம்பில் வேலை செய்கிற ஆள் யாராவது ஒருவர் குடும்பத்தில் இருக்க வேண்டும், நாளும் சரியான நாளாக அமைய வேண்டும். எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். அறுபதுகளின் நடுவில், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அந்த வாசலைத் தாண்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பார்த்ததும் பிறகு படித்ததும் இதில் கலந்துதான் வரும்.

முதலில் அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது. வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போகும்போது அவன் கையில் பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகள் இருந்தன. 1947 நவம்பரில் நேபாளம், இந்தியா, பிரிட்டன் மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆறு ரெஜிமெண்டுகள் இந்தியாவோடு நின்றன. இரண்டாவது, ஆறாவது, ஏழாவது, பத்தாவது ஆகிய நான்கும் 1948 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போயின. அதுவரை அவர்களுடைய குடியிருப்பு, பயிற்சி எல்லாம் இந்திய மண்ணில்தான். இரண்டாவது ரெஜிமெண்டுக்கு டேராடூன் சொந்த வீடு மாதிரி. இனி அங்கே இருக்க முடியாது என்று ஆனதும் மலாயாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

வந்து இறங்கிய சூட்டோடு சூடாகச் சண்டையும் வந்துவிட்டது. 1948 ஜூன் 16 காலையில் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தொரைமாரைக் கம்யூனிஸ்ட் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம். 1960 ஜூலை 31 வரைக்கும் அது போனது. அந்தப் பன்னிரண்டு வருடமும் கம்யூனிஸ்டுகளைக் காட்டுக்குள் இறங்கித் தேடிய படைகளில் கூர்க்காக்களுக்கு முன்வரிசை. ஈப்போ, சிரம்பான், குளுவாங் என்று பல ஊர்களில் அவர்களுடைய முகாம்கள் இருந்தன. ஆனால் மலையிலிருந்து புதிதாக இறங்கிவந்த பையனைச் சிப்பாயாக ஆக்குகிற வேலை மட்டும் சுங்கை பட்டாணியில் நடந்தது. 1951-ல் நான்கு ரெஜிமெண்டுகளுக்கும் சேர்த்து ஒரே பயிற்சி டிப்போ அங்கே அமைந்தது. சிப்பாயாகச் சேர வயது போதாத, பதினைந்தை ஒட்டிய பிள்ளைகளுக்கென்று தனிக் கம்பெனி ஒன்றும் அங்கேயே இருந்தது.

ஊரும் ராணுவத்துக்குப் புதிதல்ல. சுங்கை பட்டாணியில் ஒரு விமானத்தளம் இருந்தது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டபோது அங்கே பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானப்படைகள் இரண்டும் இருந்தன. பட்டர்வொர்த்திலிருந்து ரயில் பாதையும் உண்டு. சுற்றிலும் ரப்பர், வடக்கே பார்த்தால் ஜெராய் மலை.

நேபாளத்திலிருந்து வந்த வழியையும் சொல்ல வேண்டும். மலைக் கிராமத்திலிருந்து நாள் கணக்கில் நடந்து, தேர்வாகி, ரயிலில் கல்கத்தா. அங்கிருந்து சங்கோலா, சிர்தானா போன்ற கப்பல்களில் பினாங்கு. பினாங்கிலிருந்து பெரி, பிறகு ரயில். நம் பக்கத்து ஆட்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ரஜூலா கப்பலில் ஏறி வந்து இறங்கியதும் அதே பினாங்கில்தான். ரஜூலாவும் அந்தக் கல்கத்தா கப்பல்களும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம்: பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. ஒரு கப்பலில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆள் வந்தது, இன்னொன்றில் துப்பாக்கி பிடிக்க ஆள் வந்தது.

இதை ஏதோ அழகுக்காகச் சொல்லவில்லை. கேம்பைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு இருப்பதே இதுதான். வெளியில் இருப்பவர்களுக்கு அது பட்டாளம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது இன்னொரு தோட்டம். உள்ளே போன முதல் தடவையிலேயே எது எங்கே இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வரிசை வரிசையாக லயங்கள், ஆட்கள் குடியிருக்கிற நீளமான வீடுகள். மேட்டில் தொரைமார் பங்களா. ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கடை, ஒரு கோவில், ஒரு பந்து விளையாடும் திடல். விடியற்காலையில் எங்கள் அப்பா அம்மா பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற வரிசையில், நின்று கணக்கெழுதும் கிராணியிடம் பேர் கொடுப்பார்கள்; அங்கேயும் விடிவதற்குள் வரிசையில் நின்று பேர் கொடுத்தார்கள். தொரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் எங்களுக்குக் கங்காணி. அங்கே ராணியின் கூர்க்கா அதிகாரிகள் என்று நேபாளிகளே இருந்தார்கள், சிப்பாய் நிலையிலிருந்து ஏறி வந்தவர்கள், வெள்ளைக்கார அதிகாரிக்குக் கீழே, மற்ற எல்லாருக்கும் மேலே. புதிதாக வரும் சின்னத் தொரை தமிழ் படித்துப் பரீட்சை எழுத வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். கேம்புக்கு வரும் வெள்ளைக்கார அதிகாரி நேபாளி படித்தாக வேண்டும். எங்கள் சின்னத் தொரை பேசிய தமிழைக் கேட்டு நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அங்கேயும் சிரித்திருப்பார்கள், சந்தேகமே இல்லை.

சரி, உள்ளே போன கதைக்கு வருகிறேன்.

சித்தப்பாவுக்குக் கேம்பில் புல் வெட்டுகிற வேலை. பிறகு ஸ்டோரில் மூட்டை தூக்கினார். அவரைப் போல நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள்: சலவைக்காரர், முடி வெட்டுகிறவர், லோரி ஓட்டுகிறவர், வடிகால் கழுவுகிறவர். ஆபீசில் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும். அவர்கள் எல்லாருக்கும் பாஸ் உண்டு, படம் ஒட்டிய அட்டை. தோட்டத்தை விட்டுக் கேம்பு வேலைக்குப் போனவரைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பார்கள். மழை பெய்தால் பால் வெட்டு நின்று போகும், சம்பளமும் அடிபடும். கேம்பில் மழைக்குச் சம்பளம் குறையாது.

நாங்கள் போனது நவராத்திரி சமயத்தில். அவர்களுக்கு அது தசைன், வருடத்தில் பெரிய பண்டிகை. கேம்பில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வரலாம் என்று அந்தப் பண்டிகை நாட்களில் மட்டும் விடுவார்கள். வாசலில் நின்ற காவல்காரன் தொப்பிதான் முதலில் கண்ணில் பட்டது. தெராய் தொப்பி என்பார்கள். தடித்த கம்பளித் துணித் தொப்பி, ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டு, வாரைத் தாடையில் மாட்டியிருப்பார்கள். இடுப்புக்குப் பின்னால் குக்ரி, அவர்களுடைய வளைந்த கத்தி. உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் காட்டாமல் திரும்ப வைக்க மாட்டான் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு கதை ஓடியது. சுத்தப் பொய். அதே குக்ரியால் விறகும் வெட்டுவார்கள், கோழியும் அறுப்பார்கள், வெங்காயமும் உரிப்பார்கள். ஆனாலும் அந்தக் கதையை நம்பிக்கொண்டு அவன் இடுப்பைப் பார்த்தபடியே உள்ளே நடப்பதில் ஒரு சுகம் இருந்தது.

திடலின் நடுவில் ஒரு மரத் தூண் நட்டிருந்தது. மௌலோ என்பது அதன் பெயர். கிடாக்களை வரிசையாகக் கொண்டுவந்து வெட்டினார்கள், கடைசியில் எருமை. எருமையின் தலையை அந்தத் தூணோடு சேர்த்துக் கட்டி, ஒருவன் முன்னால் வந்து நின்றான். கையிலிருந்தது சாதாரணக் குக்ரி இல்லை, இரண்டு கையால் பிடிக்கிற நீளமானது. ஒரே வெட்டில் விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த வருடம் முழுக்கப் படைக்கு ஆகாது என்று நம்பிக்கை. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார தொரைசாணிகள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாங்கள் திருப்பவில்லை. முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் கிடா வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். எருமைதான் புதிது. விழுந்தது. துப்பாக்கி வெடித்தது, மேளம் அடித்தார்கள், வெட்டியவன் தலையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதற்குள் சித்தப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், முன்னால் நின்றவர்கள் தலை மறைத்ததால்.

துப்பாக்கிகளை அடுக்கிப் பூ வைத்திருந்த இடத்தைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. நாங்களும் அதே வாரத்தில் பால் வெட்டுகிற கத்திகளைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு அடுக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

எங்கள் ஆயாவை ஆச்சரியப்பட வைத்தது வேறொன்று. பண்டிகையின் பத்தாம் நாள் பெரியவர்கள் சின்னவர்களுக்கு நெற்றியில் டீகா வைப்பார்கள்: பச்சரிசியைத் தயிரில் குழைத்து, சிவப்புப் பொடி சேர்த்து, நெற்றி கொள்ளாமல் அப்புவது. உங்கள் தாத்தா பொட்டு என்று சொன்னது அதைத்தான். டீகா வைத்ததும் காதோரத்தில் ஒரு கொத்துப் புல் செருகுவார்கள். மஞ்சள் நிறம், ஒரு சாண் நீளம், தொட்டால் குழைகிற மாதிரி மெலிசு. ஜமரா என்று பேர். நான் அதைக் காதில் செருகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆயா எடுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், "இது முளைப்பாரிடா" என்றார். முளைப்பாரியேதான். முதல் நாள் மண்ணில் வாற்கோதுமையை விதைத்து, வெயில் படாமல் இருட்டறையில் மூடி வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து வளர்க்கிறார்கள். அதனால்தான் பச்சை ஏறாமல் மஞ்சளாக இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஆயா நவதானியம் போட்டு வளர்த்ததும் அதே மாதிரி இருட்டில்தான். வித்தியாசம் ஒன்றுதான்: எங்கள் முளைப்பாரி ஆற்றில் போய்ச் சேரும், அவர்களுடையது காதில். அன்றிலிருந்து கூர்க்காக்களைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் ஆயா விட மாட்டார். "முளைப்பாரி போடுற சனம்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

இரவில் ஆட்டம். மாதல் என்கிற மத்தளத்தை அடித்துக்கொண்டு பாடுவார்கள், ஆண்களே சேலை கட்டி, வளையல் போட்டு மாருனி ஆட வருவார்கள். கூத்தில் ஆம்பிளை பெண் வேஷம் கட்டுவதைப் பார்த்த எங்களுக்கு இதுவும் புதிதில்லை. ரம் நன்றாகவே ஓடும். அதனால் பிள்ளைகளை இருட்டுவதற்கு முன்பே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொல்வார்கள். எங்கள் சித்தப்பா அந்தச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பின்பற்றியவர் இல்லை.

இன்னொன்று தீபாவளி. நாம் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அந்த நரக சதுர்த்தசி அன்றைக்கே அவர்கள் நாய்க்குப் பூஜை செய்வார்கள். குகுர் திஹார் என்பது பெயர். அன்றைக்கு மத்தியானம் முறுக்கும் அதிரசமும் கொடுக்கச் சித்தப்பாவோடு போனபோது கேம்பு வேலியோரம் ஒரு தெருநாய் படுத்திருந்தது. சொறிபிடித்த நாய்தான், செவந்திப்பூ மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நெற்றியில் பெரிய டீகாவோடு, சோறு தின்றது போதும் என்று கால் நீட்டிக் கிடந்தது. எமனுடைய தூதன் நாய் என்று அவர்கள் நம்பிக்கை. காக்கைக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள் என்று அவர்களுடைய திஹார் பண்டிகை ஐந்து நாள் போகும். கடைசி நாள் அக்கா தங்கைகள் வந்து அண்ணன் தம்பிகளுக்கு டீகா வைக்க வேண்டும். பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு அங்கே ஏது அக்கா தங்கை? குடும்ப லயங்களில் இருந்த அதிகாரிகள், ஹவில்தார்கள் வீட்டுப் பெண்கள் வைத்துவிடுவார்களாம். இதைச் சித்தப்பா சொல்லிக் கேட்டதுதான்.

பண்டிகை இல்லாத நாளில் கேம்பு எங்களுக்குச் சத்தமாகத்தான் தெரியும். சாயங்காலம் பேக்பைப் வாசிப்பு பால்மரங்களுக்கு மேலே மிதந்து வரும். ஸ்காட்லாந்து வாத்தியத்தை நேபாளிகள் ஊத, கெடாவில் தமிழ்ப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு கேட்போம். அதில் வினோதம் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ரோட்டில் அவர்கள் அணிவகுத்துப் போனால் கூட நடக்க முடியாது, ஓட வேண்டும். மற்றப் பட்டாளத்துக்கு நிமிடத்துக்கு 120 காலடி என்றால் கூர்க்காக்கள் மாதிரி ரைபிள் படைக்கு 140. குட்டையான ஆட்கள், கால் மட்டும் அப்படிப் போகும். பயிற்சி ஏறக்குறைய ஒரு வருடம். வந்து இறங்கும்போது சிலர் காலில் செருப்புகூடப் போட்டுப் பழகாதவர்கள். பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும். கத்தி, துப்பாக்கியோடு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள்: நேபாளியை ஆங்கில எழுத்தில் எழுதுகிற ஒரு முறை, கொஞ்சம் ஆங்கிலம். முடிவில் கொடியைத் தொட்டுச் சத்தியம் செய்கிற அணிவகுப்பு, கசம் கானே பரேட். அது முடிந்தால்தான் அவன் ரெஜிமெண்டுக்குப் போக முடியும்.

துப்பாக்கிச் சுடுகிற இடத்தைப் பற்றியும் உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. கொடி இறங்கியதும் எங்கள் வயதுப் பையன்கள் மண்மேட்டுக்கு ஓடுவார்கள். பித்தளைத் தோட்டாக் கூடு கிடைக்கும், மண்ணில் புதைந்த ஈயக் குண்டு கிடைக்கும். பழைய சாமான் வாங்குகிற சீனர் எடைக்கு எடை காசு கொடுப்பார், பித்தளைக்கு அதிகம். மாட்டினால் முதுகுத் தோல் உரியும், கேம்பிலும் வீட்டிலும். வெடிக்காத குண்டு எதையாவது தொட்டுவிடப் போகிறார்கள் என்று பெரியவர்களுக்கு உயிரே இருக்காது. அது சும்மா பயமுறுத்தல் என்று நாங்கள் நினைத்தோம். அது சும்மா பயமுறுத்தல் இல்லை, உலகத்தில் எந்தப் பயிற்சித் திடல் பக்கமும் பிள்ளைகள் கை இழந்த கதை இருக்கும்.

கேம்பிலிருந்து கழித்துக் கட்டிய சாமான்கள் தோட்டம் முழுக்க இருந்தன. பச்சை வர்ணம் அடித்த இரும்புத் தோட்டாப் பெட்டி இல்லாத லயம் அபூர்வம். மூடி இறுக்கமாக மூடும், தண்ணீர் புகாது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சீட்டுக் காசு எல்லாம் அதற்குள்தான். காட்டு பூட்ஸ் என்று ஒன்று, கேன்வாசில் கெண்டைக்கால் வரைக்கும் வரும். அட்டை கடிக்காமல் இருக்க எங்கள் அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் பால் வெட்டப் போவார். பட்டாளத்து ரேஷன் டின்னில் வரும் பிஸ்கட்டைப் பல்லால் உடைக்க முடியாது, தேநீரில் ஊற வைத்தால் நன்றாக இருக்கும். இதெல்லாம் எந்த வழியாக வெளியே வந்தது என்று நான் கேட்டதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

டவுனுக்கும் அவர்களால் நல்ல வியாபாரம். ஒரு கூர்க்கா சிப்பாய்க்கு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஆறு மாத விடுப்பு. ஊருக்குப் போகும்போது கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர் ரேடியோ, துணி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கம். பேங்க் இல்லாத மலைக்குத் தங்கத்தைத்தான் கொண்டு போக முடியும். சம்பளம் ஒன்றும் பெரிதில்லை. 1947 ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் இந்திய ராணுவத்தின் அளவுதான், வெளிநாட்டில் இருப்பதற்கான படி மேலே கொஞ்சம். அதே காட்டில் அதே சண்டை போட்ட பிரிட்டிஷ் சிப்பாய்க்கு நிறையக் கூடுதல். தோட்டத்தில் தொரை சம்பளத்தையும் வெட்டுக்காரன் சம்பளத்தையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதை வைத்து நம் ஆட்களும் கூர்க்காக்களும் ஒட்டி உறவாடினார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் அப்பா அந்தக் கேம்புக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை. அவர் வாலிபனாக இருந்தது அவசரகாலத்தின் நடுவில். வேலைக்குப் போகிற வழியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும், காட்டில் இருப்பவர்களுக்குக் கொண்டு போகிறோமா என்று பார்க்க. லயத்தைச் சுற்றி முள்வேலி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. ராத்திரியில் காட்டிலிருந்து வருகிறவனுக்கும் பயப்பட வேண்டும், காலையில் லோரியில் வருகிறவனுக்கும் பயப்பட வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். எங்கள் அப்பா தலைமுறையில் அதை மறந்தவர் இல்லை, சத்தமாகப் பேசியவரும் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது. அதையும் போலீஸ் வைத்துத்தான் அடக்கினார்கள். ஆகவே காக்கி எந்தத் துணியில் வந்தாலும் அப்பாவுக்கு அது தொரையின் ஆள். சித்தப்பா வேறு மாதிரி. "அவனும் கூலிக்கு வந்தவன்தானே" என்பார். இரண்டு பேரும் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். எனக்கு இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருந்ததாகத்தான் இன்றைக்கும் படுகிறது. நான் பிறந்து விவரம் தெரிகிற நேரத்தில் அவசரகாலம் முடிந்திருந்தது, சண்டை போர்னியோ பக்கம் இந்தோனேசியாவோடு போயிருந்தது. பயப்படாமல் வேடிக்கை பார்க்கிற வசதி எங்களுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்தச் சண்டையும் 1966 ஆகஸ்டில் முடிந்தது. வேலை முடிந்த ஆட்களை என்ன செய்வார்கள்? குறைப்பார்கள். கூர்க்காப் படையை ஏறத்தாழப் பாதியாக வெட்டினார்கள். ஓய்வூதியத்துக்கு வருடம் போதாத பலரைக் கையில் ஒரு தொகையைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசாங்கம் மலேசியா, சிங்கப்பூரிலிருந்து படைகளை 1971 முடிவுக்குள் எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 1971-ல் சுங்கை பட்டாணி டிப்போ ஹாங்காங்குக்குப் போனது.

கேம்பு போனால் கேம்பு வேலையும் போயிற்று. நேரம் பார்த்து வந்த மாதிரி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற 1968-ஆம் வருடத்துச் சட்டம் 1969-க்குப் பிறகு இறுக்கப்பட்டது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டினார்கள். எங்கள் சித்தப்பாவுடையதும் சிவப்பு அட்டைதான். பாரத்தைப் பூர்த்தி செய்ய அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, செய்துகொடுக்க வேண்டியவர்கள் நாளைக்கு நாளைக்கு என்றார்கள். கடைசியில் அவரும் ரஜூலா ஏறினார். தோட்டாப் பெட்டி ஒன்றைத்தான் சாமானாகக் கொண்டு போனார்.

இப்போது போய்ப் பார்க்கலாமா என்று நீங்கள் அடுத்ததாகக் கேட்பீர்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் சுங்கை பட்டாணி ராணுவ ஊராகவே இருக்கிறது, மலேசியப் படையின் முகாம்கள் அங்கே உண்டு. வேலியில் சிவப்புப் பலகை, துப்பாக்கியைக் குறிபார்த்து நிற்கும் சிப்பாய் படம், கவாசான் லாராங்கான், அதாவது தடை செய்யப்பட்ட பகுதி. அதன் முன்னால் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், 1959-ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது, விளையாட்டில்லை. நேபாளிகளைப் பார்க்க வேண்டுமென்றால் கேம்புக்குப் போக வேண்டியதில்லை. டவுனில் எந்தத் தொழிற்சாலை வாசலிலும் நேபாளக் காவலர் உட்கார்ந்திருக்கிறார். படங்கள் பார்க்க ஆசை என்றால் இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரில் கூர்க்கா அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் அதிகாரிகள் எடுத்த படங்கள்; ஓரத்தில் புல் வெட்டுகிறவர் யாராவது தென்பட்டால் அது நம் ஆளாக இருக்கும்.

அதைவிடத் தாத்தாவிடம் இருப்பதுதான் முக்கியம். உள்ளே கூட்டிக்கொண்டு போனது யார், அவருக்குக் கேம்பில் என்ன வேலை என்று கேளுங்கள். வீட்டில் பழைய பாஸ் அட்டையோ வேலைக் கடிதமோ இருக்கிறதா என்று தேடுங்கள். நம் ஆட்கள் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள். நெற்றியில் வைத்தது சிவப்பா வெள்ளையா என்றும் கேளுங்கள். இரண்டாவது, ஆறாவது ரெஜிமெண்டுகளுக்கு மேற்கு நேபாளத்துக் குருங், மகர் ஆட்களை எடுத்தார்கள். ஏழாவது, பத்தாவதுக்குக் கிழக்கிலிருந்து ராய், லிம்பு. அந்த ராய், லிம்பு குடும்பங்கள் பலவற்றில் சிவப்புப் பொடி சேர்க்காமல் வெறும் வெள்ளை டீகா வைப்பார்கள். தாத்தா வெள்ளை என்று சொன்னால், வைத்தவர் கிழக்குப் பக்கத்து ஆளாக இருக்கலாம். எனக்கு வைத்தது சிவப்பு.